பிள்ளை பார்க்க ஆள் வைப்பது: எங்கள் கடற்கரைப் பக்கத்து அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரையும் வீட்டில் ஆள் வைத்துத்தான் வளர்த்தேன். முதலில் வந்தவர் நான்கே மாதத்தில் நின்றுவிட்டார். அடுத்து வந்த பாம்பன் அக்கா ஐந்து வருடம் இருந்தார். அந்த ஐந்து வருடத்தைப் பார்த்துவிட்டு, பேருந்திலும் பள்ளி ஓய்வறையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னைப் பிடித்து ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

"ஆள் வைக்கிறது அவசியமா டீச்சர்? அங்கன்வாடியில விட்டா ஆகாதா?"

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, உங்கள் வேலையும் பகலோடு முடிகிறது என்றால் முதலில் அங்கன்வாடியைப் போய்ப் பாருங்கள். மதியச் சாப்பாடு உண்டு, கூட விளையாடப் பிள்ளைகள் உண்டு. அங்கிருந்து கூட்டி வந்து நீங்கள் வரும்வரை பார்த்துக்கொள்ள மட்டும் பக்கத்துத் தெருவில் ஆள் பேசினால் போதும். முழுநாள் ஆளுக்கான செலவில் பாதி மிஞ்சும்.

கைப்பிள்ளைக்கு அது ஒத்துவராது. தமிழ்நாடு அரசு வேலையில் இருப்பவர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் பேறுகால விடுப்பு இருக்கிறது; எனக்கு அது பெரிய உதவி. தனியாரில் முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டப்படி 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் நிற்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த ஐம்பது பேர் கணக்கு எங்கே வரப்போகிறது? அவர்களுக்கு அம்மாச்சி, அப்பத்தா, இல்லையென்றால் ஆள்தான்.

"எங்க போய்த் தேடுறது? ஏஜென்சிக்கு மதுரைக்குத்தான் போகணுமா?"

எனக்கு ஏஜென்சியில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு ஊர் தெரியாத ஒருவரை அனுப்புவார்கள். அவருக்கு நம் தண்ணீரும் பிடிக்காது, வெயிலும் பிடிக்காது. நான்கு பேரிடம் சொல்லி வைப்பதுதான் இங்கே நடக்கிற வழி. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் குழுத் தலைவி ஆகிய மூவருக்கும் எந்த வீட்டில் யார் வேலை தேடுகிறார் என்பது தெரியும்.

இன்னொரு வழி எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. ஜூன் மாதம் எல்.கே.ஜி. வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் ஆயாக்களில் சிலருக்கு அன்றோடு அந்த வீட்டு வேலை முடிகிறது. அவர் வளர்த்த பிள்ளையே அங்கே நிற்கும். அது அவரிடம் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. பாம்பன் அக்காவை அப்படித்தான் பிடித்தேன்.

"எவ்வளவு தூரத்துல இருந்து வந்தா பரவாயில்ல?"

நடை தூரம் நல்லது. ஒரே பேருந்து என்றால் சரி. இரண்டு பேருந்து மாறி வருபவர் முதல் மாதம் வருவார், மூன்றாவது மாதம் பத்து மணிக்கு வருவார். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று இராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரைப் பக்கம் போகும் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் தீவுக்குள் இருப்பவர் தன் வீட்டைத்தான் பார்ப்பார். பாம்பன் அக்கா பாலம் தாண்டித்தான் வந்தார் என்பதால் இந்த விதியை நானே மீறியவள்தான். அந்த நாட்களுக்கு என் தற்செயல் விடுப்பை மிச்சம் பிடித்து வைத்திருப்பேன்.

"எந்த மாசத்துல தேடுனா ஆள் கிடைக்கும்?"

இதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் இங்கே ரொம்ப நியாயமான கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வரும்படி இருக்காது, பெண்கள் வேலை தேடுவார்கள். அப்போது ஆள் சுலபமாகக் கிடைக்கும். ஜூன் 15-க்குப் படகு இறங்கியதும் கருவாடு, ஏலம், மீன் கூடை என்று அவர்கள் வேலை அவர்களைக் கூப்பிடும். என் முதல் ஆள் அப்படி வந்து, கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்துவிட்டுப் போனவர்தான். அவர் மேல் தப்பில்லை. "படகு இறங்குன பிறகும் வருவீங்களா அக்கா?" என்று நான்தான் கேட்கவில்லை.

உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களில் முண்டு மிளகாய் பழுக்கும் காலத்தில் இதே கதை. கூலிக்குப் பழம் எடுக்கப் போனால் நாள் முடிவில் கையில் காசு. மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்கள் கடல் எப்போது இடம் கொடுக்கிறது என்று பார்த்துப் போவார்கள்; அந்த நாளில் உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால் வர மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்து பேசினால் ஏமாற்றம் இல்லை. உங்களுக்கே இரண்டு மாதத்துக்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் தடைக்காலத்தைப் போலத் தோதான நேரம் வேறு இல்லை.

"சம்பளம் எவ்வளவு பேசுறது? கூடக் குடுத்தா தெருவே திட்டும்."

தெரு திட்டட்டும். நான் போடும் கணக்கு இது. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 8,736 ரூபாய். கரையில் மண் அள்ளுகிற வேலைக்கு அது. உங்கள் பிள்ளையை எட்டு மணி நேரம் தூக்கி வைத்திருப்பவருக்கு அதைவிடக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. அரசும் 2018-லேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்திருக்கிறது.

பிள்ளை எத்தனை, வயது என்ன, எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்து மேலே ஏறும். இரட்டைப் பிள்ளை என்றால் ஒன்றரை மடங்காவது கொடுங்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை, அவர்கள் திருவிழாவுக்கு விடுமுறை, தீபாவளிக்கோ பெருநாளைக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு மாதச் சம்பளம், இவற்றையும் அன்றே பேசிவிடுங்கள். ஊர்த் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா என்று அவரவருக்கு விட முடியாத நாள் ஒன்று இருக்கும். அது எது என்று கேட்டு, நாட்காட்டியில் அவர் முன்னாலேயே வட்டம் போடுங்கள்.

"பிள்ளை தூங்குற நேரத்துல பாத்திரம், துணி எல்லாம் பாத்துருவாங்கள்ல?"

சண்டை முளைக்கும் இடம் இதுதான். பிள்ளை பார்ப்பது ஒரு வேலை, வீட்டு வேலை இன்னொரு வேலை. பிள்ளையின் துணி, பிள்ளையின் பாத்திரம், பிள்ளை இறைத்த சோறு, இவை மூன்றும் பிள்ளை வேலையோடு சேரும். உங்கள் கணவர் சட்டையும் மீன் சட்டியும் சேராது. சேர வேண்டுமென்றால் தனியாகப் பேசித் தனியாகக் காசு கொடுங்கள்.

காசு கொடுத்தாலும் எனக்கு அதில் விருப்பமில்லை. தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவர் ஒருவர் அடுப்பிலோ துணி ஊற வைத்த வாளியிலோ கவனமாக இருந்தால் பிள்ளை மேல் யார் கண் இருக்கும்? சின்னப் பிள்ளைக்கு வாளியில் ஒரு சாண் தண்ணீரே ஆபத்து.

"பத்தாவது முடிச்ச பிள்ளை ஒண்ணு வீட்ல சும்மாதான் இருக்கு. வச்சுக்கலாமா?"

வேண்டாம். 14 வயதுக்குக் கீழே என்றால் வீட்டு வேலைக்கு வைப்பதே குற்றம். 2006 அக்டோபரிலிருந்து தடை இருக்கிறது, 2016 திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. பதினைந்து, பதினாறு என்றால் நான் சட்டத்தையே எடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்க வேண்டியது. "சும்மாதான் இருக்கு" என்று யாராவது சொன்னால், ஆசிரியையாக எனக்குச் சொல்லி விடுங்கள், சேர்க்கைக்கு வழி பார்ப்போம். வேறு வீட்டில் சின்னப் பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம்.

"முதல் தடவை பேச வரும்போது என்னதான் கேக்குறது? எனக்கு இன்டர்வியூ எல்லாம் எடுக்கத் தெரியாது."

எனக்கும் தெரியாது. பாம்பன் அக்கா வந்த அன்று நான் ஒரு நோட்டில் பத்துக் கேள்வி எழுதி வைத்திருந்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையை நீட்டியதும் வாங்கவில்லை. "இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தாலிக்கொடியில் கோத்திருந்த நாலைந்து ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் குத்தினார். கண்ணாடி வளையலைப் பார்த்தார், கீறல் விட்ட ஒன்றை உருவி எடுத்தார். பின்வாசல் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்துதான் பிள்ளையைத் தொட்டார். நோட்டை மூடிவிட்டேன்.

ஆகவே பிள்ளையோடு அரை மணி நேரம் இருக்க விட்டுப் பாருங்கள். ஒரு வாய் மீன் சோறு ஊட்டச் சொல்லுங்கள். முள்ளைக் கண்ணால் தேடுகிறாரா, விரலால் நசுக்கித் தடவிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கேட்பதாக இருந்தால் நடந்ததைக் கேளுங்கள்: "நீங்க பாத்த பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தப்ப என்ன செஞ்சீங்க?" "கடைசி வீட்ல ஏன் நின்னீங்க?" பழைய வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். அங்கே "நல்லவங்கதான், ஆனா..." என்று இழுத்தால் அந்த ஆனாவுக்குப் பிறகு வருவதை முழுதாகக் கேளுங்கள்.

"ஆதார் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா? சந்தேகப்படுற மாதிரி இருக்குமே."

உங்கள் விவரத்தையும் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். உங்கள் முகவரி, கணவர் எண், வேலை செய்யும் இடத்தின் எண் எழுதிய தாளை அவர் வீட்டுக்குக் கொடுத்தால், அவர் நகல் தருவதில் சங்கடம் இருக்காது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. தெரிந்த தெருவிலிருந்து வருபவருக்கு நான் அதைச் செய்ததில்லை. வெளியூரிலிருந்து வந்து தங்குபவர் என்றால் செய்வது நல்லது, அவரிடம் சொல்லிவிட்டே.

"அவங்க உடம்பு எப்படி இருக்குன்னு எப்படிக் கேக்குறது?"

நேராகக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். சர்க்கரை, அழுத்தம் இருந்தால் அது தடை இல்லை, மாத்திரை நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சல் என்று வராமல் இருந்தால் சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடிப்பீர்கள் என்று பயந்தால் காய்ச்சலோடு வந்து பிள்ளையைத் தூக்குவார்.

"முதல் நாளே விட்டுட்டு வேலைக்குப் போயிரலாமா?"

ஒரு வாரம் கூட இருங்கள். முதல் இரண்டு நாள் அவர் உங்களைப் பார்க்கட்டும், அடுத்த இரண்டு நாள் நீங்கள் அவரைப் பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் கடைக்குப் போய் வாருங்கள், அப்புறம் அரைநாள். அந்த வாரத்துக்கும் முழுச் சம்பளம். கைப்பிள்ளையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், 108-க்கு எப்படிக் கூப்பிடுவது, கேஸ் எங்கே மூடுவது, பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் ஏன் கொடுக்கக் கூடாது, எல்லாம் அந்த வாரத்தில் செய்து காட்டுவது. அடுப்படிச் சுவரில் போன் எண்களைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

"பால் எடுத்து வச்சுட்டுப் போறேன். கெட்டுப்போகாதா? பவுடர் பால்னா எந்தத் தண்ணி?"

எடுத்த தாய்ப்பால் சாதாரண அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்குமான கணக்கு. நம் ஊர் சித்திரையில் அந்தக் கணக்கு செல்லாது, எடுத்ததும் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். நான்கு நாள் வரை இருக்கும். கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே. கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வெதுவெதுப்பாக்க வேண்டும். பிள்ளை குடித்து மீந்ததை எடுத்து வைக்கக் கூடாது. "வீணாகுதே" என்று எல்லா அக்காவும் மனம் கேட்காமல் எடுத்து வைப்பார்கள், இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயம் நம் கரைக்கே உள்ள தலைவலி. அடிகுழாயிலும் ஆழ்துளையிலும் வருவது உவர்த் தண்ணீர். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு எங்கும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்புதான் கூடும். பவுடர் பாலுக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீரையோ நம்பிக்கையான நல்ல தண்ணீரையோ காய்ச்சி, தனிக் குடத்தில் மூடி, "இது பிள்ளைக்கு மட்டும்" என்று அடையாளம் வையுங்கள். நான் குடத்தின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும், தாகத்தில் வரும் மாமனாருக்கும் தெரியும்.

"அவங்க உரை மருந்து குடுக்கணும், மூக்குல எண்ணெய் விடணும்னு நிக்கிறாங்க. சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

கஷ்டமான கேள்வி, ஏனென்றால் அவர் நாலு பிள்ளை வளர்த்தவர், நீங்கள் ஒன்று. உரை மருந்தில் உரசிக் கொடுக்கும் வசம்புக்கே பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்த ஊர் நமது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறலாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதும் ஆபத்து.

நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், செவிலியர் சொன்னால் கேட்பார். தடுப்பூசி போடப் போகும்போது அவரையும் கூட்டிப் போய், அவர் காதுபடக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் எண்ணெய் நின்றது. பதிலுக்கு ஒன்று விட்டுக்கொடுங்கள். காலில் போட்டுக் குளிப்பாட்டுவது அவர் பாணி, சாப்பாட்டுக்குக் கடல் காட்டுவது அவர் பாணி. அதில் எல்லாம் தலையிட வேண்டாம்.

"தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கணும்னு மாமியார் சொல்றாங்க."

வைக்காதீர்கள். பிள்ளை அவர் கையால் உண்கிறது. மாமியாரிடம் இதை நீங்கள் பேசாமல், அவர் மகனைப் பேசச் சொல்லுங்கள்.

"அவங்க வேற மதம். நோன்பு நேரத்துல எப்படி?"

நம் கரையில் இது புதுசே இல்லை. கீழக்கரை வீடுகளில் இந்து அக்காக்களும், மண்டபத்தில் இந்து வீடுகளில் ராத்தாக்களும் பிள்ளை வளர்க்கிறார்கள். நோன்பு மாதத்தில் மதியத்துக்கு மேல் உடம்பு சோரும், கடைசி ஒரு மணி நேரத்தைக் குறைத்து விடுங்கள், நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே. உங்கள் வீட்டுக் கறியை அவர் சாப்பிட மாட்டார் என்றால் வற்புறுத்தாதீர்கள், மீன் இருக்கிறது.

"வீட்டுக்காரர் சவூதியில. ராத்திரியும் தங்குற மாதிரி ஆள் வேணும்."

தங்குவது என்றால் இருபத்துநாலு மணி நேர வேலை என்று நினைக்கிறோம். இல்லை. பகலில் இடையில் கூப்பிடாமல் அவருக்கென்று ஓய்வு நேரம், உள்ளே தாழ்ப்பாள் உள்ள படுக்கும் இடம், வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போய் வர வழி, போனைக் கையில் வைத்திருக்கும் உரிமை, இவை கட்டாயம். இரவில் எத்தனை தடவை எழ வேண்டியிருக்கும் என்று உண்மையைச் சொல்லுங்கள், அதற்கேற்பச் சம்பளம். தனியாக இருக்கும் அம்மாவுக்கு என் யோசனை, பகலுக்கு ஒருவர், இரவுக்குத் துணையாக மட்டும் ஒரு பெரியவர். இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பார்கள்.

"அம்பதாயிரம் அட்வான்ஸ் கேக்குறாங்க. குடுக்கலாமா?"

பெரிய தொகை கொடுத்துவிட்டு "கழிக்கிற வரைக்கும் வரணும்" என்று கட்டிப்போட்டால் அது கொத்தடிமை. 1976-லேயே ஒழித்த முறை. சிறு தொகை, மாதம் கொஞ்சமாகக் கழிப்பது, எழுதி இருவரும் கையெழுத்து, நடுவில் நின்றாலும் ஆளை மறிக்காமல் பாக்கியைப் பேசி வாங்குவது, இவ்வளவுதான் என் எல்லை. அவசரம் மருத்துவச் செலவோ பிள்ளை படிப்போ என்றால், வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்தால் உதவித்தொகைகள் உண்டு. 2007-ல் தொடங்கிய வாரியம், 18 முதல் 60 வயது வரை பதியலாம். அரைநாள் விடுப்பு கொடுத்துப் பதிய வையுங்கள்.

"கேமரா வைக்கலாமா?"

வைக்கலாம், சொல்லிவிட்டு. குளிக்கிற, உடை மாற்றுகிற, அவர் படுக்கிற இடத்தில் கூடாது; அது குற்றம். நான் வைக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மதியம் ஒருநாள் வீட்டுக்கு வந்து நிற்பேன், அது போதுமானதாக இருந்தது. பிள்ளை அவரைக் கண்டதும் சுருங்குகிறதா, உடம்பில் காரணம் தெரியாத காயமா, பகல் முழுக்கத் தூங்கி வழிகிறதா என்பதைக் கேமரா இல்லாமலே பார்க்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் யோசிக்காமல் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பிள்ளை அவங்களை அம்மான்னு கூப்பிடுது டீச்சர். வயிறு எரியுது."

எரியும். என் மகன் மாலையில் என்னைக் கண்டதும் அவர் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று கழிப்பறையில் போய் அழுதேன். பிறகு புரிந்தது, ஒட்டாத ஆளிடம் விட்டுப் போயிருந்தால்தான் பயப்பட வேண்டும். ஒரு வேலையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரவுச் சோறு. எத்தனை மணிக்கு வந்தாலும் அது நான் ஊட்டுவது.

"திடீர்னு நின்னுட்டா? இல்ல, நாமளே நிறுத்தணும்னா?"

திடீரென்று நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் மேலே சொன்ன மூன்றுதான்: தூரம், பருவம், பாத்திரம். இரண்டு பக்கமும் ஒரு மாதம் முன்னாடி சொல்வது என்று பேசி வையுங்கள், கூடவே அவசரத்துக்கு ஒரு வாரம் தாங்கும் மாற்று ஆளை, அத்தையோ மதினியோ பக்கத்து வீட்டம்மாவோ, தயாராக வைத்திருங்கள்.

நீங்கள் நிறுத்துவதானால் பிள்ளைக்கு முன்னால் சத்தம் போடாமல், மாலையில், அன்றுவரைக்குமான சம்பளத்தையும் ஒரு மாதச் சம்பளத்தையும் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை ஒரு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்கும் தயாராக இருங்கள். அடுத்த வீட்டுக்காரர் போன் செய்து விசாரித்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வாங்கி வைத்த ஆதார் நகலையும் மறக்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.